பதினோராவது ஜன்னல்

சிங்கத்தின் மீசையைப் பிடித்து இழுக்கும் தைரியம் அந்தத் தெருவிலேயே நெகேசாவுக்கு மட்டும்தான் இருந்தது.

மூன்று முடிகளை இழுத்தாகிவிட்டது. இன்னும் மூன்று பாக்கி. சிங்கம் அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அசைய முடியாதே! அது ஒரு மட்டாட்டு பஸ்ஸின் பின்கதவில் அல்லவா இருந்தது.

நெகேசாவின் அப்பா வாஃபுலா, நைரோபியில் மட்டாட்டு என்கிற தனியார் மினி பஸ்களுக்குப் படம் அடிக்கிறவர். வெள்ளைக் கதவில் மெல்லிய டேப்பை மீசை மாதிரி ஒட்டி, அதன்மேல் பழுப்பு பெயிண்டை ஸ்பிரே பண்ணியிருந்தார். டேப்பை எடுத்தால் அடியில் வெள்ளை மீசை பளிச்சென்று இருக்கும். ஒட்டுவது அப்பா. எடுப்பது நெகேசா.

"உன் விரலுக்கு அவசரமே கிடையாதும்மா. அதான் எனக்குப் பிடிச்சது" என்பார் அப்பா.

அவள் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினாள். மேலே தூக்காமல், பின்பக்கமாக மடித்து, ஊர்ந்து போகும் நத்தை போல இழுத்தாள். நாலாவது முடி வந்தது. ஒரு பிசிறு இல்லை.

அப்போதுதான் வாசலில் பெரிய ஹாரன் சத்தம் கேட்டது.

"ஃபுண்டி! ஓ ஃபுண்டி! கதவைத் திறங்க! அழகான ஆள் ஒருத்தர் வந்திருக்காரு!"

அந்த ஊரில் கைவேலைக்காரர்கள் எல்லாருமே ஃபுண்டிதான். கத்தியது டிரைவர் ஒடேரா. அவர் குரலுக்கு ஹாரனே தேவையில்லை.

"அழகான ஆள் எங்க? பின்னால வர்றாரா?" என்று அப்பா கேட்டார்.

"பாத்தியா சின்ன ஃபுண்டி, உங்கப்பாவுக்குக் கண்ணு போயிடுச்சு. படம் அடிக்கறவருக்குக் கண்ணு போனா எப்படி?" என்று சொல்லிக்கொண்டே ஒடேரா குதித்து இறங்கினார்.

அவருடைய பஸ் பழைய வெண்ணெய் நிறத்தில், உடம்பெல்லாம் கீறலோடு நின்றது. முதலாளி கதோனி மேடம் சொல்லி அனுப்பியது இதுதான்: பஸ் முழுக்கக் கருநீலம். இரண்டு பக்கமும் இறக்கை விரித்த கழுகு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்து பார்ப்பார். திங்கட்கிழமை பஸ் ரோட்டில் ஓட வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை.

நெகேசா பள்ளிச் சீருடையை மாற்றிக்கொண்டு, வாளியும் துணியுமாக பஸ்ஸைத் துடைக்கப் போனாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே துடைக்கும்போது அவள் கை நின்றது.

அங்கே ஒரு படம் இருந்தது. நோட்டுப் புத்தகம் அளவுக்குச் சின்னப் படம். சிவப்பு நெயில் பாலிஷில் வரைந்தது. பூசணிக்காய் மாதிரித் தலையுள்ள ஒரு மனிதர், சப்பாத்தி மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குட்டிப் பெண். அவளுடைய இரண்டு ஜடைகளும் ஆட்டுக்கொம்பு போல மேலே நின்றன.

"ஒடேரா மாமா, இது யாரு?"

"அதுவா? நான்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் சரியா வரல. மத்தபடி அப்படியே நான்."

"உங்களுக்குக் கையில ஏழு விரல் இருக்கே?"

"கியர் போட அஞ்சு பத்தாதுன்னு அவினோ ரெண்டு சேர்த்துக் குடுத்திருக்கா."

"அவினோ யாரு?"

"என் பொண்ணு. அஞ்சு வயசு. அவ அம்மாவோட நெயில் பாலிஷ் முழுக்க இங்கதான் தீந்து போச்சு. அன்னைக்கு வீட்டுல ஒரே சண்டை!" ஒடேரா சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் சின்னதானது. "இப்போ வடக்கே ரொம்ப தூரத்துல, லோட்வார்ல இருக்கா. அவ அம்மா நர்ஸு. அங்க மாத்திட்டாங்க. டிசம்பர்ல லீவுக்கு வருவாங்க."

"இன்னும் அஞ்சு மாசமா!"

"நூத்தம்பது நாள்னு சொன்னாதான் மலைப்பா இருக்கும். அஞ்சு மாசம்னா ஒரு கை விரல்ல அடங்கிடும், பாரு."

நெகேசா துணியைப் பிழிந்தாள். "அப்போ... பஸ் முழுக்க நீலம்னா இந்தப் படமும் போயிடுமே?"

"போகட்டும் போ. நெயில் பாலிஷ்தானே!" ஒடேரா சீட்டியடித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆனால் நெகேசா வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பியபோது, ஒடேரா மறுபடியும் அங்கேதான் நின்றார். கண்ணாடி உடைந்த போனில் படத்தைப் போட்டோ எடுத்தார். சரியாக விழவில்லை போலிருக்கிறது. சட்டையால் போனைத் துடைத்து இன்னொன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டு, படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தையின் தலையில் கை வைப்பார்களே, அதுபோல.

போகும்போது அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

நெகேசா நேராக அப்பாவிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம பெயிண்ட் ஒட்டாது. அந்த இடத்தை மட்டும் விடணும்னா மூடணும். எதை வெச்சு மூடுவ? டேப் ஒட்டினா, எடுக்கும்போது படமும் கூடவே வந்துடும். வழவழப்பான இடத்துல போட்ட நெயில் பாலிஷ். சும்மா தொத்திக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

"படத்தை இழுக்காத டேப் கிடையாதா?"

"இருந்தா நான் வாங்கி வெச்சிருக்க மாட்டேனா?"

"நான் ஏதாவது கண்டுபிடிச்சா?"

அப்பா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "கண்டுபிடி. மேடம்கிட்ட நானே பேசறேன். அவங்களுக்குப் பிடிக்கலன்னா அந்த இடத்துல நீலம் அடிக்கக் கால் மணி நேரம் போதும். ஆனா ஒண்ணு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள உப்புத்தாள் அந்தப் பக்கம் வந்துடும். அதுக்கப்புறம் நிறுத்த முடியாது."

நெகேசா அம்மாவிடம் கெஞ்சி நெயில் பாலிஷ் வாங்கினாள். பட்டறை மூலையில் உடைந்த கார்க் கதவு ஒன்று கிடந்தது. அதில் வரிசையாக நாலு பூனைகள் வரைந்தாள்.

"என்னடி, என் பாலிஷை எல்லாம் பூனைக்குப் பூசற?" என்றார் அம்மா.

"நாளைக்குக் காலைல தெரியும்மா."

மறுநாள் ஏழு மணிக்கே அவள் பட்டறையில் இருந்தாள். நைரோபியின் ஜூலைக் குளிரில் மூச்சு புகையாக வந்தது. முதல் பூனைமேல் பழுப்பு நிற பார்சல் டேப்பை ஒட்டி எடுத்தாள். பூனை முழுசாக டேப்போடு கிளம்பிவிட்டது. கதவில் ஒரு முடிகூட மிச்சமில்லை.

இரண்டாவது பூனைக்கு அப்பாவின் மாஸ்கிங் டேப். அதற்கு வாலும் ஒரு காதும் போயின.

மூன்றாவதுக்கு அவள் ஒரு யோசனை செய்தாள். டேப்பைத் தன் பாவாடையில் இரண்டு மூன்று தடவை ஒட்டி எடுத்து, பசையைக் குறைத்துவிட்டுப் பூனைமேல் ஒட்டினாள். எடுத்தபோது பூனை பத்திரமாக இருந்தது! நெகேசா குதித்தாள்.

"குதிக்காத, இரு" என்று அப்பா மறுபடியும் அதேபோல ஒட்டச் சொல்லிவிட்டு, கம்ப்ரஸர் காற்றை அதன்மேல் அடித்தார். டேப் பட்டமாகப் பறந்துபோய்த் தகரக் கூரையில் ஒட்டிக்கொண்டது. "ஸ்பிரே பண்ணும்போதும் இப்படித்தான் பறக்கும்."

நாலாவது பூனைக்கு ஈரமான செய்தித்தாள். பசையே இல்லாமல் நன்றாகத்தான் ஒட்டியது. காய்ந்ததும் ஓரம் சுருண்டது. காற்றடித்ததும் விழுந்தது.

"வாஸ்லின் தடவினா என்னப்பா? அதுமேல பெயிண்ட் ஒட்டாதுல்ல?"

"ஐயோ! எண்ணெய்ப் பசை ஒரு துளி என் பட்டறைக்குள்ள வந்தா, பஸ் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆயிடும். டப்பாவைத் திறக்கவே திறக்காத!"

மணி ஒன்பதரை. பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து சர்ரக் சர்ரக் என்று உப்புத்தாள் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒடேராவும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்க்க இறங்கியிருந்தார். சத்தம் மெல்ல மெல்ல முன்பக்கம் நகர்ந்து வந்தது.

நெகேசா வேலியோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கிபெட் அண்ணனின் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. அவர் ஒரு பழைய ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கதவு பாதி தூரம் போனதும் தானாகவே போய் ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டது. முத்தம் கொடுப்பது போல ஒரு சின்னச் சத்தம்.

நெகேசா எழுந்து நின்றாள்.

"அண்ணே! அது எப்படித் தானா ஒட்டுது?"

"கதவோட ரப்பருக்குள்ள காந்தம் இருக்கு. பட்டையா, நீளமா."

"பசை கிடையாதா?"

"பசை இருந்தா நீ பால் எடுக்க ஒவ்வொரு தடவையும் கடப்பாறையோட வரணும்!"

"அண்ணே, அண்ணே, பழைய ரப்பர் ஒண்ணு குடுங்கண்ணே! சின்னதா! சீக்கிரம்!"

"எதுக்கு?"

"ஒரு பொண்ணை மூடணும்!"

கிபெட் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். "என்னது?"

"வந்து சொல்றேன்!"

ஓட்டல்களில் வைத்திருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் கதவு ரப்பரை உருவி வேலிக்கு மேலே நீட்டினார் கிபெட். முனை மழுங்கிய செவ்வகம். படத்தைச் சுற்றி வைத்தால் சரியாக இருக்கும் போலத் தெரிந்தது.

ரப்பர் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் நெகேசா ஒரு பிளாஸ்டிக் தாளை விறைப்பாக இழுத்து, டேப்பால் ஒட்டினாள். ரப்பர் தடிமனாக இருந்ததால் தாள் படத்தைத் தொடாது. டேப்பும் படத்தைத் தொடாது. அப்பா அதைக் கார்க் கதவில் வைத்துக் கம்ப்ரஸரைத் திறந்தார். தாள் படபடத்தது. ரப்பர் அசையவே இல்லை.

அப்பா கம்ப்ரஸரை நிறுத்தினார். சட்டத்தை எடுத்து நெகேசாவின் கையில் கொடுத்தார்.

பஸ்ஸருகே ஒடேரா உப்புத்தாளோடு நின்றார். அவர் கை படத்திலிருந்து இரண்டு முழ தூரத்தில் இருந்தது. "என்ன இது?" என்றார்.

"அவினோவுக்கு ஒரு மூடி, மாமா."

ஒடேரா உப்புத்தாளைக் கீழே வைத்தார். 

நெகேசா படத்தைச் சுற்றிச் சட்டத்தை வைத்தாள். மூன்று பக்கம் டப் டப் டப்பென்று ஒட்டியது. கீழ்ப்பக்கம் மட்டும் தொங்கியது. அழுத்தினாள். விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது.

அப்பா விரல் முட்டியால் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் டங் டங். அங்கே மட்டும் டொக் டொக். "இங்க இரும்பே இல்ல. மேல பூரா பட்டி. பள்ளத்தை நிரப்பியிருக்கு. ஒடேரா, இங்க என்ன மோதுச்சு?"

ஒடேரா வானத்தைப் பார்த்தார். "அது... ஒரு கழுதை வண்டி."

"ஐயோ! கழுதைக்கு என்ன ஆச்சு?" என்று நெகேசா பதறினாள்.

"கழுதைக்கு ஒண்ணுமே ஆகல. எனக்குத்தான் கழுதைக்காரம்மா கையால ரெண்டு கிடைச்சுது."

நெகேசா சட்டத்தை நாலு விரல்கடை மேலே ஏற்றினாள். படத்தின் கால்கள் கீழ் ஓரத்துக்கு மயிரிழையில் உள்ளே அடங்கின. இப்போது நாலு பக்கமும் ஒட்டிக்கொண்டது.

"சின்ன ஃபுண்டி," என்றார் ஒடேரா மெல்ல. "இது சரியா வரலன்னாலும் பரவாயில்ல. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"வரும் மாமா" என்றாள் நெகேசா. சொல்லிவிட்டு நாலு ஓரத்தையும் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தேய்த்தார்கள், துடைத்தார்கள், ஜன்னல்களைத் தாளால் மூடினார்கள். அப்பா முகமூடியை மாட்டிக்கொண்டு நீலம் அடித்தார். முதல் பூச்சு. பிறகு இரண்டாவது. மத்தியானம் மூன்று மணிக்கு பஸ் மாலை வானம் போலக் கருநீலமாக நின்றது.

"இப்போ எடுக்கலாமா?" என்று ஒடேரா கேட்டார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார்.

"இப்ப எடுத்தா ஈரம் உள்ள வழியும், மாமா. நாளைக்கு எடுத்தா பெயிண்ட் ரப்பரோட சேர்ந்து காஞ்சு, எடுக்கும்போது பிஞ்சு வரும். நடுவுல ஒரு நேரம் இருக்கு. அப்பதான் எடுக்கணும்."

"அந்த நேரம் எப்போ வரும்?"

"வரும்போது தெரியும்."

பஸ்ஸைத் தொட்டுப் பார்த்தால் கைரேகை விழும். அதனால் அப்பா கார்க் கதவிலும் அதே நீலத்தைக் கொஞ்சம் அடித்து வைத்திருந்தார். நெகேசா அதை விரலால் தொட்டாள். நூல் நூலாக வந்தது. கொஞ்சம் பொறுத்துத் தொட்டாள். பிசுபிசுத்தது. மூன்றாவது தடவை, நன்றாகப் பிசைந்த சப்பாத்தி மாவைத் தொட்டதுபோல விரல் பதிந்தது. ஆனால் கையில் ஒட்டவில்லை.

"அப்பா, இப்போ!"

அப்பா மெல்லிய பிளேடால் ரப்பரின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார். பிறகு தள்ளி நின்றார். "நீ வெச்சது. நீயே எடு."

ஒடேரா திரும்பி நின்றுகொண்டார். "நான் பாக்க மாட்டேன். முடிஞ்சதும் சொல்லு."

நெகேசா மேல் மூலையை நகத்தால் கிளப்பினாள். டப். காந்தம் விட்டது. பிசிறில்லை. இரண்டாவது மூலை. டப். அதுவும் சுத்தம். சட்டத்தைக் கீழ்நோக்கி மெல்லச் சாய்த்தாள்.

சட்டென்று நின்றாள்.

நடுவில் பிளாஸ்டிக் தாள் உள்ளே தொய்ந்திருந்தது. ஸ்பிரே காற்று தள்ளியிருக்கும். பெயிண்டின் ஆவி பட்டு நெயில் பாலிஷ் இளகியிருக்கும். தாள் சரியாக அந்தக் குட்டிப் பெண்ணின் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? ஏன் சத்தமே காணோம்?" என்றார் ஒடேரா, திரும்பாமலே.

"ஒட்டிக்கிச்சு, மாமா."

 நெகேசா சாய்ந்த சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இழுத்தால் அவினோவின் தலையே வந்துவிடும். விட்டால் சட்டம் ஈரப் பெயிண்டில் மோதும்.

இளகினதுதான் ஒட்டுது, என்று அவள் யோசித்தாள். இறுகிவிட்டால் விட்டுவிடும். நெயில் பாலிஷ் சீக்கிரம் இறுக என்ன செய்ய வேண்டும்? அம்மா பாலிஷ் போட்டதும் என்ன செய்வார்? விரல்களைக் கிண்ணத்துக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக்கொள்வார்!

"கிபெட் அண்ணே!" என்று அவள் வேலியைப் பார்த்துக் கத்தினாள். "ஐஸ் இருக்கா?"

"ரிப்பேர் கடையில வந்து ஐஸ் கேக்கறா பாரு! ஐஸ் வந்துச்சுன்னா ஃபிரிட்ஜ் எதுக்கும்மா என்கிட்ட வருது?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, விளையாட்டு இல்ல! அவசரம்!"

"இரு, இரு. நேத்து முடிச்சது ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. நான் ஒழுங்கா ரிப்பேர் பண்ணியிருக்கேனான்னு இப்போ தெரிஞ்சிடும்."

ஒழுங்காகத்தான் பண்ணியிருந்தார். ஒரு தட்டு நிறைய ஐஸ் வந்தது. அப்பா அதை ஒரு பையில் போட்டு, ஒரு சொட்டு நீரில்லாமல் துடைத்து, நெகேசாவிடம் கொடுத்தார். அவள் சட்டத்தை அப்பாவின் கைக்கு மாற்றிவிட்டு, தாள் ஒட்டியிருந்த இடத்தில் ஐஸ் பையை மெதுவாக வைத்தாள். அழுத்தவில்லை. தூங்குகிற குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி வைப்பதுபோல வைத்தாள்.

விரல் மரத்துப்போனது. கையை மாற்றிக்கொண்டாள். அந்தக் கையும் மரத்தது.

"நூறு எண்ணு" என்றார் அப்பா.

ஒடேராதான் எண்ணினார், சுவரைப் பார்த்துக்கொண்டே. அறுபதுக்குப் பிறகு அவருக்கு அவசரம் தாங்கவில்லை, எண்பதுக்குத் தாவினார். "மாமா, நடுவுல இருபதைக் காணோம்" என்றாள் நெகேசா. அவர் மறுபடி அறுபதிலிருந்து தொடங்கினார்.

நூறு ஆனதும் தாளை மிக மெல்லப் பின்பக்கம் மடித்தாள். டிக். டிக். சின்னச் சின்னச் சத்தம். தாள் விட்டது. சட்டம் அப்பாவின் கையோடு வந்தது.

படம் அங்கேயே இருந்தது. பூசணித் தலை, ஸ்டியரிங், குட்டிப் பெண், எல்லாமே.

ஒன்றைத் தவிர. நெகேசா பிளாஸ்டிக் தாளைப் பார்த்தாள். அதில் ஒரு குட்டிச் சிவப்பு ஜடை ஒட்டியிருந்தது.

"திரும்பலாமா?" என்றார் ஒடேரா.

"திரும்புங்க" என்றாள் நெகேசா சன்னமாக. "ஆனா மாமா... ஒரு ஜடை போயிடுச்சு. நான் மெதுவாத்தான் எடுத்தேன்." அவள் கண்ணில் நீர் முட்டியது.

ஒடேரா திரும்பினார். படத்தை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது கொஞ்ச நேரம் நீடித்தது.

"நேத்து போன்ல முகத்தைப் பாத்துப் பேசினேன்" என்றார் கடைசியில். "ஒரு பக்கம் ஜடை அவுந்து போய்த்தான் நின்னா. இப்போதான் படம் அப்படியே அவளை மாதிரி இருக்கு."

நெகேசா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பின்னால் நாலு எட்டு வைத்து முழு பஸ்ஸையும் பார்த்தாள்.

கருநீலப் பக்கத்தில், முனை மழுங்கிய ஒரு வெண்ணெய் நிறக் கட்டம். அதற்குள்ளிருந்து இரண்டு பேர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸின் மற்ற ஜன்னல்களுக்கும் அதே மழுங்கிய முனைகள்தான்.

"அப்பா! இது ஜன்னல் மாதிரியே இருக்கு!"

அப்பாவும் பின்னால் வந்து பார்த்தார். ஒரு பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து ஜன்னல்கள். இதையும் சேர்த்துப் பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கழுகும் வந்துவிட்டது. சர்ச் முடிந்து கதோனி மேடம் பச்சைத் தொப்பியும் கைப்பையுமாக வந்து இறங்கினார். ஒவ்வொரு இறகாகப் பார்த்தார். அலகைப் பார்த்தார். விரலால் சக்கரத்தைத் தொட்டு, விரலையும் பார்த்தார்.

"நல்லா இருக்கு, வாஃபுலா" என்றார். டிரைவர் பக்கம் வந்தார். நின்றார். "இது என்ன?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் ஒடேரா முன்னால் வந்தார். "மேடம், ஃபுண்டி மேல தப்பில்ல. அது... நான்..." அவ்வளவுதான் வந்தது.

"ஊரே கேக்கற மாதிரிப் பேசுவியே, இப்போ என்ன ஆச்சு உனக்கு?"

"அது அவினோ, மேடம்" என்றாள் நெகேசா. "ஒடேரா மாமாவோட பொண்ணு. அஞ்சு வயசு. ரொம்ப தூரத்துல, லோட்வார்ல இருக்கா. அவளே வரைஞ்சது. அதை அழிக்க வேணாம்னு நான்தான் மூடி வெச்சேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா கால் மணி நேரத்துல நீலம் அடிச்சிடலாம். அப்பா சொல்லிட்டாரு."

மேடம் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். பச்சைத் தொப்பி பஸ்ஸில் இடித்துச் சாய்ந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.  கிபெட் அண்ணன்கூட வேலிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இது ஜன்னலா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமா மேடம். பதினோராவது."

"அஞ்சு வயசுக் குழந்தையை ஜன்னல்கிட்ட உக்கார வெச்சிருக்கீங்க. ஒரு கம்பி கிடையாதா?" மேடம் நிமிர்ந்து எல்லாரையும் முறைத்தார். "பஸ் பிரேக் போட்டா குழந்தை வெளிய விழுந்துடாதா? உங்களுக்கெல்லாம் பொறுப்பே இல்லையா? வெள்ளிக் கலர்ல ஒரு கம்பி போடுங்க. இப்பவே. நான் பாத்துட்டுத்தான் போவேன்."

ஒடேராவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் போட்ட சிரிப்பில் கிபெட்டின் கடையோரம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் பறந்து ஓடின.

வெண்ணெய் நிறக் கட்டத்தின் கீழ் ஓரத்தை ஒட்டி, படத்தைத் தொடாமல் நீலத்தின்மேல், நெகேசா இரண்டு டேப்புகளை இணையாக ஒட்டினாள். நடுவில் அப்பா வெள்ளி நிறம் அடித்தார். மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, அது காயும்வரை காவல் இருந்தார்.

திங்கட்கிழமை காலை நெகேசா பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருமுனையிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது.

"சின்ன ஃபுண்டி! ஏறு! முதல் சவாரி உனக்குத்தான்! ஸ்கூல் வாசல்லயே இறக்கி விடறேன்!"

அவள் டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பாட்டு அதிர, கழுகு கிளம்பியது. சிக்னலில் பஸ் நின்றபோது, எதிர்ப்பக்கச் சாலையோரத்தில் அம்மாவின் முதுகில் கட்டியிருந்த ஒரு குழந்தை பதினோராவது ஜன்னலைப் பார்த்துக் கண்ணை விரித்தது. பிறகு அவினோவைப் பார்த்துக் கையை ஆட்டியது.

பதிலுக்கு யாராவது ஆட்ட வேண்டுமே. நெகேசா தன் ஜன்னலிலிருந்து எட்டி, அவினோவுக்காகக் கையை ஆட்டினாள்.